நூத்தி மூணு டி கவிழ்ந்த ஞாயிறு

என் வீட்டுக்குள் நம்பர் பேசக் கூடாது என்று கல்யாணமான இரண்டாம் வருஷமே உத்தரவு போட்டுவிட்டேன். மற்ற பெண்கள் குடிக்காதே, சீட்டாடாதே என்று உத்தரவு போடுவார்கள். என் கணவருக்கு அந்த இரண்டு பழக்கமும் கிடையாது. அவருக்கு இருந்தது நம்பர் பைத்தியம்.

அது என்ன நம்பர் என்று சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் நாங்கள் பொன்னேரியில் குடியிருந்தோம். அந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் கார் என்றால் ஒரே பெயர்தான், பிளஷர். கல்யாண மாப்பிள்ளை வருவதும் பிளஷர், கலெக்டர் வருவதும் பிளஷர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கம்பெனிப் பெயரையோ விளம்பரத்தில் வருகிற பெயரையோ சொல்லுவார்கள். என் கணவரும் அவருடைய சிநேகிதர்களும் அதையும் சொல்ல மாட்டார்கள். பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தகடு அடித்திருக்கும். தொழிற்சாலைக்காரர்கள் தங்களுக்குள் அடையாளம் தெரிவதற்காக வைத்த எண்ணும் எழுத்தும் அதில் இருக்கும். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது தேவையே இல்லை. இவர்களுக்கு மட்டும் அதுதான் காரின் பெயர். நூத்தி மூணு டி, நூத்தி மூணு ஹெச் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். யாராவது தெரியாமல் கம்பெனிப் பெயரைச் சொல்லிவிட்டால், பாவம் பிள்ளை, வளர்ந்த விதம் அப்படி என்பது போல் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். அங்கே பெயர் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. இன்ன கிராமம், இன்னாருடைய மகன் இன்னார் என்று நாள் முழுக்கத் தட்டிவிட்டு விரல் வலியோடு வீட்டுக்கு வந்தால், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் “தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டுக்குச் சக்கரை வியாதியாம்” என்பார். பஜார் தெருவில் அந்த மாதிரிக் கார் வைத்திருந்த மளிகைக்காரரைத்தான் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் பிடித்தது. அந்தக் கூட்டமே அப்படித்தான். காருக்கு நம்பர்தான் பெயர், கார் வைத்திருக்கிற மனுஷனுக்கும் அதே நம்பர்தான் பெயர். போன வாரம் ஹெச் வந்திருந்தது, அது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறது, பாவம் ரொம்ப அலைகிறது என்பார்கள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது.

உத்தரவு போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. சோழவரம் ஏரிக்குப் பக்கத்தில், யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட சிமென்டுத் தளத்தில் வருஷா வருஷம் கார்ப் பந்தயம் நடக்கும். பட்டணத்திலிருந்து ஜனம் அலைமோதும். ஒரு வருஷம் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர், ஒரு வண்டி திருப்பத்தில் உருண்டதை வர்ணித்துக்கொண்டே சாப்பிட்டார். முன் ஆக்சில் எப்படி வளைந்தது, ரேடியேட்டர் எப்படிப் பிளந்தது, கதவு எந்தப் பக்கம் பறந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். “ஓட்டினவருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன். கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “நடந்து போனாருன்னுதான் நினைக்கிறேன்” என்றார்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வரும், பிறவிக் குணம். இனிமேல் இந்த வீட்டுக்குள் டி, ஹெச், நூறு, ஆயிரம் எதுவும் காதில் விழக் கூடாது, விழுந்தால் நான் திருவள்ளூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். அவர் நல்ல மனுஷர். அதற்குப் பிறகு வீட்டில் ‘வண்டி’ என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். என் வீட்டுக்காரர் எந்த நம்பரில் ஏறுகிறார் என்று தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டது அப்போது தெரியவில்லை.

ஏனென்றால் அடுத்த வருஷமே அவர் பார்க்கிறவர் இல்லை, ஓட்டுகிறவர் ஆகிவிட்டார்.

அவரைக் கெடுத்தவர், அப்படித்தான் நான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன், அவருடைய சிநேகிதர். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்று. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அண்ணனுக்குப் பொன்னேரிக்கு வெளியே நெல் நிலம் இருந்தது. என் கணவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத்து ஓட்டுகிற டர்னர். அண்ணனிடம் இடம் இருந்தது, என் கணவரிடம் கை வேலை இருந்தது. வைக்கோல் போட்டுவைத்த கொட்டகையைக் காலி செய்து, பழைய கார்கள் இரண்டை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பம்பரைக் கழற்றி, பின் சீட்டைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய் வளைத்து வைத்து, இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பானட்டுக்குள் இருக்கிற தகட்டில் ஒன்று டி, இன்னொன்று ஹெச். இன்று இவர் இதில், நாளை அவர் அதில் என்று இருவரும் மாற்றி மாற்றி ஓட்டிப் பழகுவார்கள்.

அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. கொட்டகைக்குத் தினமும் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள்தான். கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டாள், கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். “இன்னாதான் பேசுறாங்கன்னு தெரியணும்ல? பைத்தியத்தோட குடித்தனம் பண்றோம், அது பாஷை கொஞ்சமாச்சும் தெரிய வேணாமா?” என்பாள். என் கணவரைத் தம்பி என்றுதான் சொல்லுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அவள் இந்தக் கூத்துக்கு டீ ஊற்றுவது பிடிக்காது.

பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் வீட்டில் தனியாக இருக்க முடியாது. காலையில் அவர் கிளம்பும்போது வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கத் தொடங்குவேன். சாயங்காலம் அவர் சட்டையில் கிரீஸோடு வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் அது நிற்காது. சாப்பிட முடியாது. ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் யாரோ சேதி கொண்டுவருகிறார்கள் என்று தோன்றும். அந்த ஞாயிறும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடாம் பிழிந்துகொண்டிருந்தோம். நான் பிழிந்ததெல்லாம் கோணல்மாணலாக விழுந்தது. அக்கா ஓரத்தைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

மத்தியானம் தாண்டி, அரிசி மில் கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்தார். அந்தத் தெருப் பக்கம் போன் இருந்தது அந்த மில்லில்தான். மாடியிலிருந்து அவர் தலையைப் பார்த்ததுமே கையிலிருந்த அச்சைக் கீழே போட்டுவிட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சும்மா சைக்கிள் மிதிக்க மாட்டார்.

இறங்கி ஓடினோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார். “சோழவரத்துலேர்ந்து போன் வந்திச்சிம்மா. நூத்தி மூணு டி கவுந்துடுச்சாம். மூணு குட்டிக்கரணம் போட்டுச்சாம். முன் ஆக்சில் பூடுச்சாம், ஸ்டீயரிங் உள்ள வந்துடுச்சாம். ஆளைத் தூக்கிக்கினு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களாம். ஊட்டுல சொல்லி அனுப்பிச்சிடுங்கன்னு சொன்னாங்க.”

“ஆளுன்னா யாரு?” என்று கத்தினேன்.

“அதாம்மா, நூத்தி மூணு டி. நானும் ரெண்டு வாட்டி கேட்டேன். யாருப்பா, யாருப்பான்னு. அந்த ஆளு நூத்தி மூணு டி, நூத்தி மூணு டின்னே சொல்றாரு. அவங்களுக்குத் தெரியும், நீங்க சொல்லுங்கன்னாரு. அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சி.”

“உயிர் இருக்குதா?”

அதை அவர் கேட்கவில்லை. அல்லது கேட்பதற்குள் லைன் போய்விட்டது. ஆக்சில் போனது தெரியும், ஸ்டீயரிங் உள்ளே வந்தது தெரியும். ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்தது யார் என்பது மட்டும் தெரியாது. போன் செய்தவர் அந்தக் கூட்டத்து ஆள்தான், சந்தேகமே இல்லை. உலகத்தில் வேறு யார் இப்படிச் சேதி சொல்லுவார்கள்? பதறிப் போயிருப்பார், பதற்றத்தில் தனக்குப் பழகின பெயரைச் சொல்லியிருப்பார். தெளிவாகத்தான் சொல்லிவிட்டோம் என்று அவர் நினைத்திருப்பார். அவர் மட்டும் அந்த நிமிஷம் எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

அக்கா கணக்குப்பிள்ளையிடம் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவர் மறுபடி ஒப்பித்தார். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மாவு ஒட்டியிருந்த கை, கன்னமெல்லாம் மாவானது.

“அக்கா, டி யாரு? இன்னைக்கு டி-ல யாரு?”

“மாத்தி மாத்தி ஓட்றாங்களேம்மா. எவரு எதுல ஏறினாருன்னு எனக்கு இன்னா தெரியும்?” என்றாள். “ரெண்டு பேர்ல ஒருத்தரு. வா, கெளம்பலாம்.”

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் வேகம். தன் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். பழைய மெல்லிய வேட்டி இரண்டு, ஒரு செம்பு, துண்டு, பணம் எல்லாவற்றையும் பையில் போட்டாள். மாடியில் வடாம் அப்படியே கிடந்தது, காக்கை கொத்தட்டும் என்று விட்டுவிட்டோம். ரயிலுக்கு நேரமில்லை. பட்டணம் போகிற பஸ் நின்றிருந்தது, ஏறிவிட்டோம்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பயம் முழுசாக வந்தது. அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்ததால் மனசுக்கு நேரமில்லை. இப்போது ஜன்னலுக்கு வெளியே அறுத்த வயல்கள் போய்க்கொண்டிருந்தன, நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் காலையில் என்ன சொன்னார்? “வண்டி நல்லா இருக்கு” என்றார். எந்த வண்டி? நான் கேட்கவில்லை. நம்பர் சொல்லக் கூடாது என்பது என் சட்டம். கேட்டிருந்தால் ஒரு எழுத்து சொல்லியிருப்பார், அந்த ஒரு எழுத்து இப்போது எனக்குத் தெரிந்திருக்கும். முந்தின வாரம் கொட்டகையில் அவர் எதன் அடியில் படுத்திருந்தார்? சிவப்பு வண்டியின் அடியில். இரண்டும் சிவப்பு.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. “எங்க ஊட்டுக்காரரா இருந்தா, கொட்டாயைக் கொளுத்திட்டுத்தான் மறுவேலை” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க அத்தைக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல” என்றாள். அவளுக்கும் என்னைப் போலத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு தெம்பு இருந்தது, மறைப்பானேன். இரண்டில் ஒன்று என்றால் பாதிதான் என்னுடையது. மீதிப் பாதியை அவள் சுமந்துகொண்டு பக்கத்திலேயே வருகிறாள்.

நான் சாமியை வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரராக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். இருந்தது இரண்டே பேர். ஒருவர் இல்லை என்றால் இன்னொருவர்தான். அதனால் கொஞ்ச தூரம் போனதும் வேண்டுதலைச் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டேன். அண்ணனாக இருக்கட்டும். அவருக்கு நிலம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றன, சொந்தபந்தம் இருக்கிறது, எனக்கு இந்த ஒரு மனுஷர்தான். அவராகவே இருக்கட்டும். அவள் கை என் கைக்குள் இருக்கும்போதே இதை வேண்டினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. அந்த பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

தச்சூர் கூட்டுரோட்டில் பஸ் நின்று நின்று கிளம்பியது. காரனோடை பாலத்துக்கு வரும்போது எதிரே கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பந்தயத்தைப் பாதியில் விட்டுத் திரும்புகிறவர்கள், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டி எட்டிப் பார்த்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது.

சோழவரத்தில் பஸ் நின்றபோது தூரத்தில் எஞ்சின்கள் உறுமுகிற சத்தம் கேட்டது. பந்தயம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அடுத்த வண்டிகளை விட்டிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இறங்கி ஓடிப்போய் யாரையாவது கேட்கலாமா என்று எழுந்தேன். “ஆள் ஆஸ்பத்திரியில கீது, இங்க எறங்கி இன்னா பண்ணப் போறோம்?” என்று அக்கா இழுத்து உட்காரவைத்தாள்.

பந்தயம் பார்த்த கும்பல் ஒன்று திபுதிபுவென்று ஏறியது. வெயிலில் சிவந்த முகங்கள், தலையில் கட்டின கைக்குட்டைகள். பேச்செல்லாம் அதே பேச்சுதான்.

“அந்தச் சிவப்புப் பிளஷர் இன்னாமா உருண்டுச்சி பாத்தியா?”

“செத்துட்டான்ப்பா அந்த ஆளு. நான் கிட்டப் போயி பாத்தேன்.”

“இன்னாத்த பாத்த நீ? கையை ஆட்டிக்கினு போறாரு. நான் பாத்தேன்.”

“கையா? கை எங்க இருந்திச்சி?”

நான் சீட்டிலிருந்து எழுந்து, கூட்டத்துக்குள் கையை நீட்டி, செத்துப்போனார் என்று சொன்னவனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். “ஆள் எப்படி இருந்தார்? குட்டையா, நெட்டையா? மீசை இருந்துதா?” அவன் மிரண்டு போனான். நெட்டை என்றான். இன்னொருவன் இல்லை குட்டை என்றான். ஹெல்மெட் போட்டிருந்தார், மீசை எப்படித் தெரியும் என்றான் மூன்றாமவன். கதவில் எழுதியிருந்த பந்தய எண் ஏழு என்று ஒருவன் சொன்னான், பதினொன்று என்று ஒருவன் சொன்னான். எனக்கு எந்த எண்ணும் தெரியாது. அக்கா என் விரல்களை அவன் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். “உடும்மா. இவங்க வாய்க்கு வந்ததைப் பேசிக்கினு வராங்க. அங்க போயி கண்ணால பாத்துக்கலாம்” என்றாள். பிறகு அந்தக் கும்பலைப் பார்த்து, “யோவ், எங்க ஊட்டு ஆளுய்யா அது. கொஞ்சம் வாயை மூடிக்கினு வரீங்களா?” என்றாள். பஸ்ஸே அடங்கிப்போனது. ஒரு பெரியவர் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

செங்குன்றத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு அசையவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அங்கே நின்றதுதான் மிகக் கொடுமை. ஓடிக்கொண்டிருந்தால் ஏதோ போகிறோம் என்று இருக்கும். நின்றதும், இந்த நிமிஷம் அங்கே அவர் மூச்சு நின்றுவிட்டால் நான் இங்கே முறுக்கு விற்கிறவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே என்று தோன்றியது. அதை அக்காவிடம் சொன்னேன். “எனக்கும் அப்பிடித்தாம்மா கீது” என்றாள். சொல்லிவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. பெரிய வாசல், பெரிய கூட்டம், டெட்டால் வாடை. இடித்துக்கொண்டு உள்ளே போனோம். நீளமான ஒரு நடையின் கோடியில், சுவரில் சாய்ந்தபடி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க ரத்தமும் கிரீஸும். முகத்தைத் தூக்கினார்.

அண்ணன்.

அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது என்று எழுத வராது. தரை இருந்தது, நான் அதன் மேல் நின்றேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் ஒன்றை மட்டும் கண் பார்த்தது. அக்கா கத்தவில்லை. ஓடவில்லை. ‘நீங்களா, நல்லா கீறீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்தச் சட்டையோடு உயிரோடு நிற்கிற தன் புருஷனை, அங்கேதான் நிற்பார் என்று முன்பே தெரிந்தவள் மாதிரிப் பார்த்தாள். என் கையை விடாமல் நேராக அவரிடம் போய், “தம்பி எப்பிடி கீறாரு?” என்று கேட்டாள்.

“உள்ள கீறாரு. உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கால்தான். தொடை எலும்பு உடைஞ்சி வெளிய வந்துடுச்சி. ஆபரேசன் பண்றாங்க. காலை எடுக்கணுமா, வெச்சிக்கலாமான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம்.”

எடுக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கால் ஒரு அங்குலம் போலக் குட்டையாகி, அவரோடு கடைசி வரைக்கும் இருந்தது. தொழிற்சாலையில் நின்று செய்கிற வேலையை விட்டு ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறினார். பந்தயம் அதோடு முடிந்தது. நம்பர் மட்டும் முடியவில்லை. மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்ததும் அழுதார், அழுது முடித்துவிட்டு, ஹெச்சாக இருந்தால் அந்தத் திருப்பத்தில் கவிழ்ந்திருக்காது என்றார். அது வீடு இல்லை, ஆஸ்பத்திரி. அதனால் என் சட்டம் அங்கே செல்லாது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலம், உள்ளே கத்தி வைத்துக்கொண்டிருக்கும்போது, நான் நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பக்கத்தில் இருந்தாள். அண்ணன் எதிர்ச் சுவரோரம் நின்றார், உட்காரச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக என் தலைக்குள் எல்லாம் தெளிந்துகொண்டு வந்தது. தெளியத் தெளியக் கோபம் ஏறியது.

“உங்களுக்குத் தெரியும்” என்றேன். “கணக்குப்பிள்ளை சொன்னப்பவே தெரியும்.”

அவள் மறுக்கவில்லை. “காத்தால கெளம்பும்போதே எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு. இன்னிக்கு தம்பி டி-ல, நான் ஹெச்-லன்னு.”

“பின்ன ஏன் சொல்லல? வழி முழுக்க என்னை ஏமாத்திக்கிட்டே வந்தீங்க. உங்க அத்தைக்கு எப்பிடிச் சொல்றது, கொட்டகையைக் கொளுத்தணும், எத்தனை நடிப்பு! நான் பைத்தியக்காரி மாதிரி பாதிப் பாதின்னு கணக்குப் போட்டுக்கிட்டு வந்தேன்.”

“சொல்லியிருந்தா அந்த பஸ்ஸுல நீ ஒருத்திதானே பயந்துகினு வந்திருப்ப?” என்றாள்.

எனக்கு அது போதவில்லை. அவளுக்கு வலிக்கிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவளுடைய புருஷன் எதிரே முழுசாக நிற்கிறார், என்னுடையவர் உள்ளே அறுபட்டுக்கொண்டிருக்கிறார். “நான் பஸ்ஸில் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? அண்ணனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். உங்க கையைப் பிடிச்சிக்கிட்டே வேண்டினேன்” என்றேன். அண்ணன் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் என் கையை விடவில்லை.

“வேற இன்னாம்மா வேண்டிக்குவ? நீ பஸ்ஸுல கேட்டுக்கினு வந்தது எனக்கு ஊட்டுலயே கெடைச்சிடுச்சி. அதை வாங்கி மடியில வெச்சிக்கினு பக்கத்துல குந்திக்கினு வரேன். உன்மேல எப்பிடிம்மா நான் கோவப்படுறது?”

அப்போதுதான் முதல் முறையாக அழுதேன். நான் அழுது ஓய்கிற வரைக்கும் அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக எழுந்து, எதிர்ச் சுவருக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் அண்ணன் மேல் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை. இப்போது இரண்டு கையாலும் அவர் தலையைத் தடவினாள், தோளை அழுத்திப் பார்த்தாள், கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், அந்த ரத்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆயா வந்து அதட்டுகிற வரைக்கும் சத்தம் போட்டு அழுதாள்.